காபன் தாள்

கொழும்புக் கொம்பனியில் இருந்து கடிதம்:
"உங்கள் ஒரு கிலோ நண்டில் எவ்வளவு காபன்?"
முதலாளி அன்ரன் றெஜினோல்ட்
மேசை லாச்சியை இழுத்தார்.
நீலக் காபன் தாள் இரண்டு கட்டு இருந்தது.
"காணும்தானே பிள்ளை, எழுதிவிடு."

சிரிக்கவில்லை நான்.
குருநகர் இறங்குதுறைக்கு எதிரே
பதினொரு வருடமாய் பில் எழுதுகிற விரல் இது.
நுனியில் நீலம் போனதே இல்லை.
மேலே அழுத்தினால் கீழேயும் விழும்
என்பது எனக்குத் தெரியும்.

அன்றிரவு லொறிக் கணக்கைப் பிரித்தேன்.

போகும்போது அரை வயிறு.
வரும்போது முழுப் பட்டினி.
நானூறு கிலோமீற்றர்
காற்றை ஏற்றிக்கொண்டு வருகிறான் குகதாசன்.
முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம்,
தனக்கு ஒரு சரை கச்சான்.
தின்று முடியுமட்டும் எஞ்சின் உறுமியபடி நிற்கும்.
சாமிக்குச் சாம்பிராணியும் டீசலில்தான்.

றெஜிபோம் பெட்டி பயணத்துக்கு நாற்பது.
போனால் பொங்கலுக்கும் திரும்பி வராது.
மூலை உடைந்து ஐஸ் ஒழுகி
வவுனியா தாண்டமுன் பழுதாகிற நண்டு
வாரத்துக்கு அறுபது கிலோ.
அதற்கென்று கொப்பியில் ஒரு நிரல்: கழிவு.
யாரும் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை.
கூட்டினேன்.
வருடத்துக்கு ஒரு புதுப் போட் எஞ்சின் வந்தது.

முதலாளிக்குக் கடலைப் பற்றிச் சொன்னால்
திரும்பிக் கடலைப் பார்ப்பார்.
புகையைப் பற்றிச் சொன்னால்
கையில் இருக்கும் பீடியை அணைப்பார், பாவம்.
எஞ்சின் விலையைச் சொன்னேன்.
என்னைப் பார்த்தார்.

பிறகுதான் சிக்கல்.
லொறியின் மற்றப் பாதி
சூசைநாயகத்தின் வாடியில் இருந்தது.
கயிறு அறுத்த வழக்கோடு ஒன்பது வருடம்
ஒரே கோயிலில்
வேறு வேறு பூசைக்குப் போகிறவர்கள்.

"அவன்ர நண்டோட என்ர நண்டு போகாது."
"நண்டுக்குத் தெரியாது ஐயா
ஆர் முதலாளி எண்டு."

டீசல் இன்னொருக்கால் ஏறிய வெள்ளிக்கிழமை
சூசைநாயகம் தானாக வந்தார்.
கதிரையில் இருக்கவில்லை.
கொப்பியை மட்டும் பார்த்தார், நெடுநேரம்.
"பெட்டிக்கு என்ன நிறம்?"
"அவருக்கு மஞ்சள். உங்களுக்குப் பச்சை."
போய்விட்டார்.
அடுத்த நாள் காலை
பச்சைப் பெட்டி ஐம்பது வாசலில் கிடந்தது.

இப்போது ஒரு லொறி.
கழுவிக் கழுவித் திரும்பப் போகிற தடித்த பெட்டிகள்.
வரும்போது நீர்கொழும்பில் இருந்து
வலைக்கட்டு, கயிறு, மிதவை.
நண்டு மணத்தோடு வலைக்கு என்ன கோபம்?
முறிகண்டியில் எஞ்சின் நிற்கிறது.
கச்சான் கோது உடைகிற சத்தம்
இப்போதுதான் கேட்கிறதாம் குகதாசனுக்கு.

கொம்பனி கிலோவுக்கு இருபத்தைந்து ரூபா கூட்டியது.
முதலாளி அதை அந்தோனியார் கணக்கில் வைத்து
மெழுகுதிரி கொளுத்தினார்.
வைக்கட்டும்.
அந்தோனியாருக்கு நான் பில் எழுதுவதில்லை.

கழிவு நிரலில் இந்த வாரம் ஏழு.

ஆனால் சூசைநாயகத்தின் லொறி ஓடிய டிலக்சன்
துறையடியில் பெட்டி கழுவுகிறான்.
சம்பளம் குறைவு. என்னோடு கதைப்பதில்லை.
அதற்கு எந்த நிரல் என்று
இன்னும் கோடு போடவில்லை நான்.
அவன் காலடியில்
கரையேறும் வலைகளை உதற உதற
வெள்ளை வெள்ளை மணியாய்க் கொட்டுகின்றன
பழைய வருடங்களின் பெட்டிகள்.

இரவு, கொழும்புக்குப் பதில் எழுத இருந்தேன்.
ஒரு கிலோவுக்கு இவ்வளவு.
போன வருடம் இவ்வளவு.
இந்த முறை பிரதி வேண்டாமென்று
காபனை முதலே உருவி லாச்சியில் போட்டிருந்தேன்.
அடுத்த தாள் வெள்ளைதான்.
விளக்குக்குச் சரித்துப் பிடித்தால்
எழுதியது முழுக்கப்
பள்ளமாய்க் கிடக்கிறது.